தொடக்ககால ஆப்பிரிக்க அமெரிக்க நகைச்சுவைத் திரைப்படங்கள்

தொடக்ககால ஆப்பிரிக்க அமெரிக்க நகைச்சுவைத் திரைப்படங்கள் என்பவை, ஏறத்தாழ 1898 ஆம் ஆண்டு முதல் 1930களின் தொடக்கம் வரையான காலத்தில், ஐக்கிய அமெரிக்காவில் கறுப்பின நடிகர்கள், இயக்குநர்கள், தயாரிப்பாளர்கள் ஆகியோரின் பங்களிப்புடன் உருவான நகைச்சுவைப் படங்களைக் குறிக்கும். இவற்றுள் பெரும்பாலானவை ஒன்று அல்லது இரண்டு சுருள் நீளமுள்ள ஊமைப்படங்கள் ஆகும். இப்படங்களில் நடித்தவர்கள் பலர் மின்ஸ்ட்ரல் மேடையிலும் அதன் வழிவந்த வோட்வில் மேடையிலும் பயிற்சி பெற்றவர்கள். மின்ஸ்ட்ரல் மேடையோ கறுப்பினத்தவரை இழிவுபடுத்துவதற்காக வெள்ளையர் உருவாக்கிய கலைவடிவம். ஆகவே, தம்மை எள்ளி நகையாடப் பிறர் உருவாக்கிய ஒரு வடிவத்தைக் கொண்டே தம் மக்களைச் சிரிக்கவைக்க இயலுமா என்ற கேள்வி இப்படங்களின் வரலாறு முழுவதும் தொடர்ந்து வருகிறது.

பின்னணி: மின்ஸ்ட்ரல் மேடை

மின்ஸ்ட்ரல் காட்சி என்பது 19 ஆம் நூற்றாண்டில் ஐக்கிய அமெரிக்காவில் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்த மேடை நிகழ்ச்சி ஆகும். வெள்ளை இன நடிகர்கள், எரித்த தக்கையின் கரியை முகத்தில் பூசி, உதடுகளைப் பெரிதாக வரைந்துகொண்டு, கறுப்பின அடிமைகளைப் போலப் பாடியும் ஆடியும் கொச்சை மொழியில் பேசியும் நடித்தனர். 1830 ஆம் ஆண்டளவில் தாமஸ் டார்ட்மத் ரைஸ் என்னும் நடிகர் ஆடிய "ஜிம் குரோ" என்ற ஆட்டம் இவ்வகை நடிப்பைப் பரவலாக்கியது. பிற்காலத்தில் தென் மாநிலங்களில் இயற்றப்பட்ட இனவொதுக்கல் சட்டங்களுக்கு ஜிம் குரோ சட்டங்கள் என்ற பெயர் வழங்கியது இந்த ஆட்டத்தின் பெயரிலிருந்தே. 1843 ஆம் ஆண்டில் நியூயார்க்கில் வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ் என்ற நால்வர் குழு முழு மாலை நிகழ்ச்சியாக இதனை வளர்த்தெடுத்தது.

இந்நிகழ்ச்சி பொதுவாக மூன்று பகுதிகளைக் கொண்டிருந்தது.

1. முதற்பகுதியில் நடிகர்கள் அரைவட்டமாக அமர்ந்திருப்பர். நடுவில் திருத்தமான மொழி பேசும் நெறியாளர் ஒருவரும், இரு முனைகளிலும் டாம்போ, போன்ஸ் எனப்பட்ட கோமாளிகளும் இருப்பர். நெறியாளர் கேட்கும் கேள்விகளுக்கு முனைக் கோமாளிகள் ஏறுக்குமாறாக விடையளிப்பர்.
2. இரண்டாம் பகுதி பல்வகை நிகழ்ச்சிகளின் தொகுப்பு. பெரிய சொற்களைத் தவறாகப் பயன்படுத்தும் போலி மேடைப்பேச்சு இதில் முக்கியமானது.
3. மூன்றாம் பகுதி ஒரு சிறு நாடகம். இது பெரும்பாலும் தோட்டப் பண்ணை வாழ்க்கையைப் பற்றியோ, புகழ்பெற்ற நாடகமொன்றைப் பகடி செய்வதாகவோ அமையும்.

சோம்பலான நாட்டுப்புறத்தான், நாகரிகம் தெரிந்தவன் போல் நடிக்கும் நகரத்துப் பகட்டுக்காரன், எசமானிடம் விசுவாசமான முதியவர், பருத்த செவிலித்தாய் ஆகிய அச்சு வார்ப்புப் பாத்திரங்கள் இம்மேடையில் நிலைபெற்றன. கோழித் திருட்டு, தர்ப்பூசணி, தாயக்கட்டைச் சூதாட்டம், சவரக்கத்தி ஆகியவை மாறாத நகைச்சுவைப் பொருள்களாயின. திரைப்படம் தோன்றியபோது இவை அனைத்தும் அப்படியே திரைக்கு மாற்றப்பட்டன.

கறுப்பின மின்ஸ்ட்ரல் குழுக்கள்

உள்நாட்டுப் போர் 1865 ஆம் ஆண்டில் முடிவுற்ற பின்னர், விடுதலை பெற்ற கறுப்பினத்தவரே மின்ஸ்ட்ரல் குழுக்களில் நடிக்கத் தொடங்கினர். சார்லஸ் ஹிக்ஸ் என்ற கறுப்பின மேலாளர் நடத்திய ஜார்ஜியா மின்ஸ்ட்ரல்ஸ் இவற்றுள் முன்னோடியானது. அவர் பின்னர் ஆத்திரேலியா வரை குழுக்களை அழைத்துச் சென்றார். அக்காலத்தில் கறுப்பின நடிகருக்கும் பாடகருக்கும் மேடையில் ஊதியம் கிடைக்கக்கூடிய வழிகள் மிகக் குறைவு. அவற்றுள் மின்ஸ்ட்ரல் மேடையே பெரியது. பில்லி கெர்சான்ட்ஸ், சாம் லூக்காஸ், பாடலாசிரியர் ஜேம்ஸ் பிளாண்ட் ஆகியோர் இதன் வழியாகவே புகழ் பெற்றனர்.

இக்குழுக்கள் தம்மை "உண்மையான" கறுப்பினத்தவர் என விளம்பரம் செய்தன. எனினும், வெள்ளைப் பார்வையாளர் எதிர்பார்த்த பாத்திரங்களையே அவையும் பெரிதும் நடிக்க வேண்டியிருந்தது. இயல்பாகவே கருநிறம் கொண்ட நடிகர்களும்கூட முகத்தில் கரி பூசிக்கொண்டனர். அதே வேளையில், நுட்பமான நேர ஒழுங்கு, உடல்மொழி, நடனம், இருபொருள்படும் பேச்சு ஆகியவற்றில் ஒரு தனித்த நகைச்சுவை மரபும் இக்குழுக்களுக்குள் வளர்ந்தது. கறுப்பினப் பார்வையாளர்கள் இந்நிகழ்ச்சிகளுக்குத் திரளாக வந்தனர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

திரைப்படத்தின் தோற்றம்

தொடக்ககாலத் திரைப்படங்களில் கறுப்பினப் பாத்திரங்கள் பெரும்பாலும் கேலிக்குரியனவாகவே காட்டப்பட்டன. எட்வின் போர்ட்டர் 1903 ஆம் ஆண்டில் இயக்கிய "அங்கிள் டாம்ஸ் கேபின்" படத்தில் முதன்மைக் கறுப்பினப் பாத்திரங்களில் கரி பூசிய வெள்ளையரே நடித்தனர். லூபின் நிறுவனம் 1910 ஆம் ஆண்டளவில் ராஸ்டஸ், சாம்போ என்ற பெயர்களில் குறும்படத் தொடர்களையே வெளியிட்டது. அவ்விரண்டும் மின்ஸ்ட்ரல் மேடையின் வழக்கமான கேலிப் பெயர்கள்.

இதற்கு விதிவிலக்காக அமைந்த படம் 1898 ஆம் ஆண்டில் சிகாகோவில் வில்லியம் செலிக் எடுத்த "சம்திங் குட்" என்பதாகும். அரை நிமிடத்துக்கும் குறைவான இப்படத்தில் செயின்ட் சட்டில், கெர்ட்டி பிரவுன் என்னும் இரு கறுப்பின மேடைக் கலைஞர்கள் சிரித்தபடி முத்தமிட்டுக் கொள்கின்றனர். 1896 ஆம் ஆண்டில் எடிசன் நிறுவனம் வெளியிட்ட, வெள்ளை இணையர் முத்தமிடும் படத்தின் நகைச்சுவை மறுவடிவமாக இது எடுக்கப்பட்டது. முகப்பூச்சோ கேலியோ இதில் இல்லை. செலிக் திரைத்துறைக்கு வருமுன் ஒரு மின்ஸ்ட்ரல் குழுவை நடத்தியவர். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற பெர்ட் வில்லியம்ஸ் 1890களில் அக்குழுவில்தான் பணியாற்றினார். மேடைக்கும் திரைக்கும் இடையே இருந்த நெருங்கிய தொடர்பை இது காட்டுகிறது.

1914 ஆம் ஆண்டில் வெளிவந்த "அங்கிள் டாம்ஸ் கேபின்" படத்தின் புதிய பதிப்பில், முன்னாள் மின்ஸ்ட்ரல் நடிகரான சாம் லூக்காஸ் தலைமைப் பாத்திரத்தில் நடித்தார். திரையில் அப்பாத்திரத்தை ஏற்ற முதல் கறுப்பின நடிகராக அவர் கருதப்படுகிறார்.

வில்லியம் ஃபோஸ்டர்

வில்லியம் ஃபோஸ்டர் திரைப்பட நிறுவனம் தொடங்கிய முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் எனப் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறார். சிகாகோவில், கறுப்பினத்தவரான ராபர்ட் மோட்ஸ் நடத்திய பெக்கின் நாடக அரங்கில் இவர் பணியாற்றினார். ஜூலி ஜோன்ஸ் என்ற புனைபெயரில் கறுப்பினச் செய்தித்தாள்களில் கலைத்துறை பற்றி எழுதியும் வந்தார். கறுப்பினத்தவர் மீது சுமத்தப்பட்ட இழிவுகளுக்குத் திரைப்படத்தின் மூலம் விடையளிக்க இயலும் என்றும், இத்தொழிலில் கறுப்பின வணிகருக்கு நல்ல எதிர்காலம் உண்டு என்றும் அவர் வாதிட்டார்.

அவரது ஃபோஸ்டர் ஃபோட்டோபிளே நிறுவனத்தின் முதல் நகைச்சுவைப் படமான "தி ரெயில்ரோடு போர்ட்டர்" 1913 ஆம் ஆண்டில் சிகாகோவில் திரையிடப்பட்டது. சில நூல்கள் இதனை 1912 ஆம் ஆண்டுப் படமாகக் குறிக்கின்றன. பெக்கின் அரங்கின் நடிகர்களே இதில் நடித்தனர். கணவன் தொடருந்தில் பணிக்குச் சென்றுவிட்டான் என எண்ணிய இளம் மனைவி, பகட்டாக உடுத்திய ஒருவனை விருந்துக்கு அழைக்கிறாள். அவன் உண்மையில் உணவகப் பரிசாரகன். கணவன் எதிர்பாராமல் திரும்பி வர, துப்பாக்கியும் துரத்தலுமாகக் கதை நகர்ந்து, எவருக்கும் தீங்கின்றி முடிகிறது.

இக்கதையில் மின்ஸ்ட்ரல் மேடையின் பகட்டுக்காரப் பாத்திரத்தின் சாயல் உண்டு. ஆயினும், களம் தோட்டப் பண்ணையிலிருந்து சிகாகோ நகரின் ஸ்டேட் தெருவுக்கு மாறிவிட்டது. பாத்திரங்கள் சொந்த வீடும் வேலையும் உள்ள நகரவாசிகள். அக்காலத்தில் தொடருந்துப் படுக்கைப் பெட்டிகளில் பணியாற்றுவது கறுப்பினச் சமூகத்தில் மதிப்புள்ள நிலையான வேலையாகக் கருதப்பட்டது. பணியாளர், பரிசாரகர் ஆகியோரை வெள்ளையருக்கு ஏவல் செய்பவர்களாக அல்லாமல், தமக்கெனக் காதலும் பொறாமையும் வீண்பெருமையும் உடைய மனிதர்களாகக் காட்டியதே இப்படத்தின் புதுமை எனலாம்.

ஃபோஸ்டர் மேலும் சில குறும்படங்களை எடுத்தார். ஆனால் போதிய முதலீடு இல்லை. நாடு தழுவிய விநியோக நிறுவனங்களும் கறுப்பினத் தயாரிப்பாளர்களின் படங்களை ஏற்க முன்வரவில்லை. கறுப்பினப் பார்வையாளருக்கான சில அரங்குகளின் வருவாயை மட்டும் நம்பி நிறுவனம் நிலைக்க இயலாமற் போயிற்று. அவரது படங்களுள் எதுவும் இன்று கிடைக்கவில்லை. சிகாகோவில் பீட்டர் ஜோன்ஸ், நியூயார்க்கில் ஹன்டர் ஹேன்ஸ் ஆகியோரும் ஏறத்தாழ இதே காலத்தில் படங்கள் எடுத்தனர். ஹேன்ஸ் 1914 ஆம் ஆண்டில் வெளியிட்ட "அங்கிள் ரீமஸ் ஃபர்ஸ்ட் விசிட் டு நியூயார்க்" என்ற படத்தின் தலைப்பிலேயே பழைய தோட்டப் பண்ணை முதியவர் புதிய நகரத்துக்கு வருவதைக் காணலாம்.

பெர்ட் வில்லியம்ஸ்

பகாமாசின் நாசோவில் 1874 ஆம் ஆண்டில் பிறந்த பெர்ட் வில்லியம்ஸ், அக்காலத்தின் மிகப் புகழ்பெற்ற கறுப்பின நகைச்சுவை நடிகர் ஆவார். ஜார்ஜ் வாக்கருடன் இணைந்து அவர் நடித்த "இன் டஹோமி" என்ற இசைநாடகம் 1903 ஆம் ஆண்டில் பிராட்வேயிலும் பின்னர் இலண்டன் பக்கிங்காம் அரண்மனையிலும் நடிக்கப்பட்டது. வாக்கர் நோயுற்று விலகிய பின், 1910 ஆம் ஆண்டில் வில்லியம்ஸ் சீக்ஃபெல்ட் ஃபாலிஸ் நிகழ்ச்சியில் சேர்ந்தார். வெள்ளை நடிகர்களுக்கு இணையாக அதில் இடம்பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவரே.

வில்லியம்ஸ் வெளிர் நிறம் கொண்டவர். நூல்களை விரும்பிப் படிப்பவர். மேடையிலோ அவர் முகத்தில் கரி பூசி, பொருந்தாத ஆடை அணிந்து, எப்போதும் துன்பத்தில் சிக்கும் மந்தமான மனிதராகத் தோன்றினார். இம்முகப்பூச்சு தன்னை வேறொருவராக நின்று பார்க்க உதவியது என அவர் விளக்கினார். அவருடைய பாத்திரம் சிரிப்பூட்டுவது அறிவின்மையால் மட்டும் அன்று. எது செய்தாலும் உலகம் தனக்கு எதிராகவே திரும்பும் என்பதை அமைதியாக ஏற்றுக்கொள்ளும் துயரமும் அதில் உண்டு.

1913 ஆம் ஆண்டில் பயோகிராஃப் நிறுவனத்தில், பெரும்பாலும் கறுப்பின நடிகர்களைக் கொண்டு வில்லியம்ஸ் நடித்த படம் ஒன்று எடுக்கப்பட்டது. "லைம் கில்ன் கிளப் ஃபீல்டு டே" என இப்போது அழைக்கப்படும் இப்படம், வெள்ளை எழுத்தாளர் ஒருவரின் கேலிக்கதைகளிலிருந்து பெயர் பெற்றது. படப்பிடிப்பு நடந்தபோதிலும், படம் முடிக்கப்படாமலும் வெளியிடப்படாமலும் கைவிடப்பட்டது. இதில் வில்லியம்ஸ் மட்டுமே கரி பூசியுள்ளார். ஏனைய கறுப்பின நடிகர்கள் இயல்பான தோற்றத்தில், நேர்த்தியான ஆடைகளில் காணப்படுகின்றனர். ஊர்வலம், நடனம், குடைராட்டினம் என விடுமுறை நாள் மகிழ்ச்சி காட்டப்படுகிறது. நாயகியாக நடித்த ஒடெசா வாரன் கிரேயுடனான காதல் காட்சிகள் கேலியின்றி அமைந்துள்ளன. கரிமுகம் கொண்ட ஒருவர் இருந்தால் மற்றவர்கள் இயல்பாகத் தோன்றுவதை வெள்ளைப் பார்வையாளர் பொறுத்துக்கொள்வர் என்ற கணக்கு இதன் பின் இருந்ததாக ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

1916 ஆம் ஆண்டில் அதே நிறுவனம் வில்லியம்சின் "எ நேச்சுரல் பார்ன் கேம்ப்லர்", "ஃபிஷ்" ஆகிய இரு குறும்படங்களை வெளியிட்டது. முதற்படம் மறைவாக நடக்கும் சீட்டாட்டம், காவலர் வருகை, சிறை என மின்ஸ்ட்ரல் மேடையின் பழகிய பொருளையே கொண்டது. ஆனால் இறுதியில் சிறையறையில் தனித்திருக்கும் நாயகன், கண்ணுக்குத் தெரியாத ஆட்டக்காரர்களுடன், கையில் சீட்டே இல்லாமல் போக்கர் ஆடும் ஊமை நடிப்பு இடம்பெறுகிறது. கற்பனை ஆட்டத்திலும் அவன் தோற்றுப்போகிறான். வில்லியம்ஸ் மேடையில் பல ஆண்டுகள் நடித்துப் புகழ்பெற்ற இக்காட்சி திரையில் பதிவானதால், அவரது கலையின் தரத்தை இன்றும் நேரில் அறிய முடிகிறது. வில்லியம்ஸ் 1922 ஆம் ஆண்டில் காலமானார்.

எபொனி நிறுவனமும் எதிர்ப்பும்

சிகாகோவில் இயங்கிய எபொனி ஃபிலிம் கார்ப்பரேஷன், 1917 முதல் 1919 வரை கறுப்பின நடிகர்களைக் கொண்டு பல ஒரு சுருள் நகைச்சுவைப் படங்களை வெளியிட்டது. இதன் முதலீட்டாளர்கள் வெள்ளையர். நிறுவனத்தின் பொது முகமாக விளங்கிய லூதர் பொல்லார்ட் கறுப்பினத்தவர்; புகழ்பெற்ற அமெரிக்கக் காற்பந்து வீரர் ஃபிரிட்ஸ் பொல்லார்டின் உடன்பிறந்தவர். "எ பிளாக் ஷெர்லாக் ஹோம்ஸ்", "ஸ்பையிங் தி ஸ்பை", "மெர்சி, தி மம்மி மம்பிள்டு" ஆகியவை இந்நிறுவனத்தின் படங்கள். துப்பறியும் கதை, போர்க்கால ஒற்றர் கதை, எகிப்திய மம்மிக் கதை என அக்காலத்தில் பெரிதும் விரும்பப்பட்ட கதை வகைகளை இவை பகடி செய்தன.

சிகாகோ டிஃபென்டர் என்ற கறுப்பினச் செய்தித்தாள் 1917 ஆம் ஆண்டில் எபொனியின் பெயரில் வந்த படங்களைக் கடுமையாகக் கண்டித்தது. தம் மக்களுக்கான அரங்குகளில் தம் மக்களையே இழிவுபடுத்தும் படங்கள் ஓடுவதை அது ஏற்கவில்லை. கறுப்பினப் பகுதிகளின் அரங்குகளில் இப்படங்களுக்கு ஆதரவு குறைந்தது. தென் மாநிலங்களிலிருந்து ஆயிரக்கணக்கான கறுப்பினத்தவர் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்து கொண்டிருந்த காலம் அது. "தி பர்த் ஆஃப் எ நேஷன்" (1915) வெளியாகி இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. கறுப்பினத்தவரைக் கரி பூசிய வெள்ளையரைக் கொண்டு கொடியவராகக் காட்டிய அப்படம், கு குளக்சு கிளான் அமைப்பின் மீட்டெழுச்சிக்குத் துணைபோனது. இந்நிலையில் திரையில் தோன்றும் ஒவ்வொரு படிமமும் கறுப்பினத்தவரின் வேலை, வாழிடம், உயிர்ப் பாதுகாப்பு ஆகியவற்றோடு தொடர்புடையதாகக் கருதப்பட்டது.

பொல்லார்டின் வாதம் வேறானது. கோழித் திருட்டு, தர்ப்பூசணி, சவரக்கத்தி போன்ற பழைய கேலிகள் இல்லாமலேயே கறுப்பின நடிகர்களால் வெள்ளையருக்கு நிகராகச் சிரிக்கவைக்க முடியும் என்பதைத் தம் படங்கள் மெய்ப்பித்துள்ளதாக, 1918 ஆம் ஆண்டில் லிங்கன் திரைப்பட நிறுவனத்தின் ஜார்ஜ் ஜான்சனுக்கு எழுதிய கடிதத்தில் அவர் கூறினார். எஞ்சியுள்ள படங்கள் இருதரப்புக்கும் சான்று தருகின்றன. பாத்திரப் பெயர்களிலும் அச்சம் கொண்ட கோமாளித்தனத்திலும் மின்ஸ்ட்ரல் மரபு தெளிவாகத் தெரிகிறது. ஆனால் துப்பறிவாளரும் பேராசிரியரும் காதலர்களும் எல்லோரும் கறுப்பினத்தவராகவே இருக்கும் ஓர் உலகையும் அவை காட்டுகின்றன. அதே காலத்து வெள்ளை நகைச்சுவைப் படங்களின் நாயகர்களும் இதே அளவு அறிவற்றவர்களாகவே நடித்தனர். வேறுபாடு என்னவெனில், சார்லி சாப்ளினின் நாடோடி விழுந்தால் எவரும் அதனை வெள்ளை இனத்தின் குறையாகக் கொள்ளவில்லை.

மாற்று வழிகள்

1916 ஆம் ஆண்டில் நோபிள் ஜான்சன் முதலானோர் தொடங்கிய லிங்கன் திரைப்பட நிறுவனம் நகைச்சுவையைப் பெரிதும் தவிர்த்து, உழைப்பால் உயரும் கறுப்பின இளைஞர்களைப் பற்றிய குடும்பக் கதைகளை எடுத்தது. 1919 ஆம் ஆண்டில் திரைத்துறைக்கு வந்த ஆஸ்கார் மிஷோ மின்ஸ்ட்ரல் மரபை வேறு வகையில் அணுகினார். அவரது "விதின் அவர் கேட்ஸ்" (1920) படத்தில் ஓல்ட் நெட் என்ற கறுப்பினப் போதகர் வெள்ளையர் முன் கோமாளியாக நடித்து, அவர்கள் உதைத்தாலும் சிரிக்கிறார். கதவு மூடியதும் அவரது சிரிப்பு மறைகிறது. தன் மக்களைக் காட்டிக்கொடுத்துவிட்டதாகத் தனியே வருந்துகிறார். மின்ஸ்ட்ரல் புன்னகை ஒரு முகமூடி என்பதையும், அதனை அணிபவர் செலுத்தும் விலையையும் இக்காட்சி வெளிப்படையாகக் காட்டுகிறது.

அதே மிஷோ 1931 ஆம் ஆண்டில் எடுத்த "தி டார்க்டவுன் ரெவ்யூ" என்ற பேசும் குறும்படத்தில், மாலை உடையணிந்த பாடகர் குழுவின் பாடல்களுக்கு இடையே பழைய மேடைத் துணுக்குகள் வருகின்றன. ஏமன் டேவிஸ் என்ற கறுப்பின நடிகர் கரிமுகத்துடன் போலிப் பிரசங்கம் செய்கிறார். மின்ஸ்ட்ரல் மேடையின் இரண்டாம் பகுதியில் இடம்பெற்ற போலி மேடைப்பேச்சின் நேரடித் தொடர்ச்சி இது. கறுப்பினப் பார்வையாளருக்காகக் கறுப்பின இயக்குநர் எடுத்த படத்திலும் கரிமுகம் நீடித்தது என்பது, இம்மரபு எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதைக் காட்டுகிறது.

பேசும்படக் காலமும் பின்னரும்

ஒலி வந்தபோது கொச்சை மொழிப் பேச்சு மீண்டும் நகைச்சுவையின் மையமாகியது. 1929 ஆம் ஆண்டில் கிறிஸ்டி நிறுவனம் கறுப்பின நடிகர்களைக் கொண்டு "மெலங்கலி டேம்" முதலிய குறும்படங்களை வெளியிட்டது. வெள்ளை எழுத்தாளர் ஆக்டேவஸ் ராய் கோகனின் கதைகளைத் தழுவிய இப்படங்களில் எழுத்தாளராகவும் நடிகராகவும் பங்களித்த ஸ்பென்சர் வில்லியம்ஸ், பின்னர் "தி பிளட் ஆஃப் ஜீசஸ்" (1941), "ஜூக் ஜாயிண்ட்" (1947) ஆகிய படங்களை இயக்கினார்.

இரு வெள்ளையர் கறுப்பினத்தவராகப் பேசி நடித்த "ஏமஸ் அன் ஆண்டி" வானொலித் தொடர் 1951 ஆம் ஆண்டில் தொலைக்காட்சிக்கு வந்தபோது, ஸ்பென்சர் வில்லியம்சும், "டார்க்டவுன் ரெவ்யூ" படத்தில் நடித்த டிம் மூரும் அதில் முதன்மைப் பாத்திரங்களை ஏற்றனர். நிறவினத்தவர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் இத்தொடரை எதிர்த்தது. 1953 ஆம் ஆண்டில் தொடர் நிறுத்தப்பட்டது; மறுஒளிபரப்பும் 1966 ஆம் ஆண்டில் விலக்கிக்கொள்ளப்பட்டது. 2000 ஆம் ஆண்டில் ஸ்பைக் லீ இயக்கிய "பேம்பூசில்டு" திரைப்படம், மின்ஸ்ட்ரல் நிகழ்ச்சி தற்காலத் தொலைக்காட்சியில் மீண்டும் வெற்றி பெறுவதாகக் கற்பனை செய்து இதே சிக்கலை ஆராய்ந்தது.

அழிவும் மீட்பும்

அமெரிக்காவின் முழுநீள ஊமைப்படங்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு அழிந்துவிட்டதாக 2013 ஆம் ஆண்டில் காங்கிரசு நூலகம் வெளியிட்ட ஆய்வு தெரிவித்தது. குறைந்த படிகளே எடுக்கப்பட்ட கறுப்பினத் தயாரிப்புகளின் இழப்பு மேலும் பெரியது. எனினும் சில முக்கியமான படங்கள் மீட்கப்பட்டுள்ளன.

1939 ஆம் ஆண்டில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் பெற்ற பயோகிராஃப் நிறுவனச் சுருள்களுள் "லைம் கில்ன்" படத்தின் தொகுக்கப்படாத காட்சிகள் இருந்தன. அவை ஒழுங்குபடுத்தப்பட்டு, படப்பிடிப்பு முடிந்து நூறாண்டுகளுக்குப் பின்னர், 2014 ஆம் ஆண்டில் முதன்முறையாகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. "சம்திங் குட்" படத்தின் படி 2017 ஆம் ஆண்டில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பாளரால் கண்டெடுக்கப்பட்டு, ஆய்வாளர் ஆலிசன் நாடியா ஃபீல்டால் அடையாளம் காணப்பட்டது. அது 2018 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. எபொனி நிறுவனப் படங்கள் சிலவும் "தி டார்க்டவுன் ரெவ்யூ" படமும் 2016 ஆம் ஆண்டில் வெளியான "பயனியர்ஸ் ஆஃப் ஆப்பிரிக்கன் அமெரிக்கன் சினிமா" என்ற தொகுப்பில் இடம்பெற்றுள்ளன.

மதிப்பீடு

நீண்ட காலமாக இப்படங்கள் அவமானத்துக்குரியவை என ஒதுக்கப்பட்டன. இனமுன்னேற்றம் பற்றிய நாடகப் படங்களுக்கே வரலாற்று நூல்கள் முதலிடம் தந்தன. படங்கள் மீட்கப்பட்ட பின்னர் இந்நிலை மாறியுள்ளது. இவை வெறும் அடிபணிவு அல்ல என்றும், கொடுக்கப்பட்ட முகமூடிக்குள் நின்றுகொண்டே கலைஞர்கள் தமக்கான இடத்தை விரித்துக்கொண்டனர் என்றும் ஒரு சாரார் கூறுகின்றனர். கலைஞரின் நோக்கம் எதுவாயினும், அப்படிமங்கள் வெள்ளைப் பார்வையாளரின் முன்முடிவுகளை உறுதிப்படுத்தின என்றும், அக்காலக் கறுப்பினச் செய்தித்தாள்களின் எதிர்ப்பு நியாயமானதே என்றும் மற்றொரு சாரார் சுட்டுகின்றனர். ஒரே படம் சிகாகோவின் கறுப்பின அரங்கில் ஒரு பொருளையும், வெள்ளையர் அரங்கில் வேறொரு பொருளையும் தந்திருக்கக்கூடும் என்பதால், இவ்விரு கருத்துகளும் ஒருங்கே உண்மையாதல் இயலும்.

முக்கியமான படங்கள்

- சம்திங் குட் (1898) – கிடைத்துள்ளது
- தி ரெயில்ரோடு போர்ட்டர் (1913) – கிடைக்கவில்லை
- லைம் கில்ன் கிளப் ஃபீல்டு டே (1913) – முடிக்கப்படாதது, காட்சிகள் கிடைத்துள்ளன
- எ நேச்சுரல் பார்ன் கேம்ப்லர் (1916) – கிடைத்துள்ளது
- ஃபிஷ் (1916) – கிடைத்துள்ளது
- மெர்சி, தி மம்மி மம்பிள்டு (1918) – கிடைத்துள்ளது
- தி டார்க்டவுன் ரெவ்யூ (1931) – கிடைத்துள்ளது